மலையில் வாழ்பவர்கள் வாங்கிய கேம்களைக் கைவசம் வைத்துக்கொள்ளும் வழி

சென்ற ஐப்பசியில் பத்து நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு காலையில், கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய கேம் டிஸ்க் ஒன்றை எடுத்து அதன் உறையைத் திறந்தேன். உள்ளே இருந்த அச்சிட்ட தாள் ஈரம் கோத்துப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தில், நடுத்துளைக்கு அருகிலிருந்து விளிம்புவரை, சிலந்தி இழையைப் போன்ற வெண்பூஞ்சை மூன்று இடங்களில் கிளைவிட்டிருந்தது. அதே வாரத்தில், பணம் கொடுத்து இணையத்தில் வாங்கியிருந்த வேறொரு கேம் திறக்க மறுத்தது. அதை வெளியிட்டவர்கள் சர்வரை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

பூஞ்சை பிடித்த டிஸ்க்கை அரைமணி நேரத்தில் துடைத்துச் சரிசெய்துவிட்டேன். அது இன்றும் ஓடுகிறது. சர்வர் நின்றுபோன கேமுக்கு என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. சிறுவயதிலிருந்து கேம் விளையாடி வரும் எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. கேமின் முழுக் கோப்பும் நம் வீட்டில் இருந்தால், ஈரம், மின்வெட்டு, மெதுவான இணையம் என மலை தரும் தொல்லைகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கவனத்தால் சமாளித்துவிடலாம். கோப்பு வேறொருவர் கையில் இருந்தால் நாம் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. ஆகவே எதை வாங்குவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வாங்கியதை நீலகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களின் தட்பவெப்பத்தில் காப்பது அதற்குப் பிறகுதான்.

வாங்குவதற்கு முன்

ஒரு கேமுக்குப் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை விற்ற கடை மூடப்பட்ட பிறகு, இணையமே இல்லாத ஒரு நாளில், இந்தக் கேம் ஓடுமா? இது வீண் அச்சத்தில் எழும் கேள்வி அன்று. யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தயக் கேமைத் தனியாக விளையாடுவதற்கும் அந்நிறுவனத்தின் சர்வர் தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டதும், டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியாமல் போயிற்று. அதற்கு அடுத்த மாதம் யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், கேம்களை விற்பவர்கள் ஆதரவை நிறுத்தும்போது அவற்றை விளையாடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் எழுப்பிய கோரிக்கைக்கு 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. நான் அந்தக் கோரிக்கையை முழு மனத்துடன் ஆதரிக்கிறேன்.

கடைகளும் இப்போது உண்மையைச் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம், 2024 அக்டோபரிலிருந்து, பணம் கட்டும் பக்கத்திலேயே, நீங்கள் பெறுவது அந்தப் பொருளுக்கான உரிமம் மட்டுமே என்று தெரிவிக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமத்தை மட்டும் தரும் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இந்த நிலை கேம்களுக்கு மட்டும் உரியதும் அன்று: மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது, பணம் திருப்பித் தரப்பட்டாலும், வாங்கியவர்களின் நூல்கள் திறக்காமல் போயின. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை. விற்பவர்கள் காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்க இடமில்லை என்பதை இந்த ஒரு எண்ணே போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

எனவே, ஒரே கேம் பல வடிவங்களில் கிடைக்கும்போது நான் பின்பற்றும் வரிசை இது. கணினியில் விளையாடுபவர்களுக்கு முதல் தேர்வு, கடையின் அனுமதியைக் கேட்கும் பூட்டு எதுவும் இல்லாத நிறுவுகோப்பைத் தரும் கடை. 2008இல் தொடங்கப்பட்ட போலந்துக் கடையான ஜிஓஜி இதில் முதன்மையானது. அங்கே வாங்கிய கேமின் பக்கத்தில், அவர்களுடைய செயலியை விட்டுவிட்டு, 'ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்' என்னும் பகுதிக்குப் போய் அங்குள்ள கோப்புகள் அனைத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும், ஏறத்தாழ 4 ஜிபி அளவுள்ள பல துண்டுகளும் வரும். ஒரு துண்டு குறைந்தாலும் கேம் நிறுவப்படாது என்பதால் எண்ணிப் பார்த்து வையுங்கள். இறக்கி முடித்தபின் இந்தக் கோப்புகளுக்குக் கடையின் அனுமதியோ கணக்கோ தேவையில்லை. சிறு குழுக்கள் உருவாக்கும் கேம்களுக்கு இட்ச் ஐஓ தளமும் இதே போன்றது.

இரண்டாவது, கேம் முழுமையாகப் பதிவாகியிருக்கும் டிஸ்க் அல்லது கார்டு. இங்கே எச்சரிக்கை தேவை. இன்று டிஸ்க்காக விற்கப்படும் சிலவற்றில் கேமின் ஒரு பகுதி மட்டுமே இருக்கிறது, மீதியை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். நிண்டெண்டோ 2025இல் வெளியிட்ட ஸ்விட்ச் 2 கருவிக்கு வரும் 'கேம்-கீ கார்டு' என்னும் வகையில் கேமே கிடையாது. பதிவிறக்கத்தைத் திறந்துவிடும் சாவி மட்டுமே அதில் இருக்கிறது. உறையின் முன்புறத்தில் அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்துகளை வாங்கும் முன் படித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை எளியது: கன்சோலின், அதாவது டிவியில் இணைத்து விளையாடும் கருவியின், இணையத்தை அணைத்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து மட்டும் நிறுவி, கேமைத் தொடங்கி, ஒரு மணி நேரமாவது விளையாடிப் பாருங்கள். ஓடினால் அது உங்களுடையது. கன்சோல் வாங்கும்போதும் டிஸ்க் செருகும் வசதி உள்ளதையே எடுங்கள் என்பது என் அறிவுரை. டிஸ்க் இருந்தால்தான் முடித்த கேமைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரவல் தர முடியும், கோவையில் பழைய டிஸ்க் வாங்கும் கடைக்கு எடுத்துச்செல்லவும் முடியும்.

மூன்றாவது, ஸ்டீம் போன்ற கடையில் வாங்கி இறக்குவது. ஸ்டீமில் உள்ள கேம்களில் சில பூட்டு இல்லாமலே ஓடுகின்றன, சிலவற்றுக்கு முதன்முறை இணையம் வேண்டும், சிலவற்றுக்கு எப்போதும் வேண்டும். இறக்கிய உடனே ஒருமுறை இணையத்தோடு திறந்து, பிறகு ஆஃப்லைன் நிலைக்கு மாற்றி மறுபடியும் திறந்து பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மரம் விழுந்து கேபிள் அறுந்த பிறகு சோதிப்பதில் பொருளில்லை.

மாதச் சந்தாவில் கிடைக்கும் கேம்களை நான் வாடகை நூலகமாக மட்டுமே பார்க்கிறேன். புதியவற்றை முயன்று பார்க்க அது நல்ல வழி. பிடித்துப்போனதைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

சேகரிப்பைப் புதிதாகத் தொடங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு கேமை முதலில் பரிந்துரைக்கச் சொன்னால், 2023இல் வெளிவந்த 'வெண்பா'வைச் சொல்வேன். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை அது. தன் அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயிருக்க, விட்டுப்போன வரிகளை யூகித்துச் சமைப்பதே விளையாட்டு. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் முதல் புதிர். கேம் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொட்டே பார்த்திராத என் அம்மா, நான் இரண்டு முறை தவறாக அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "தட்ட மாத்தி வைடா, ஆவி எப்படி மேல வரும்?" என்று கருவியை வாங்கிக்கொண்டார். ஒரே மாலையில் முடிந்துவிடும் சிறிய கேம் அது. ஒரு தலைமுறை எழுதிவைத்ததை அடுத்த தலைமுறை படிக்க முடியாமல் போவதன் வலியை அவ்வளவு நேராகச் சொன்ன வேறொரு கேமை நான் விளையாடியதில்லை.

பதிவிறக்கம்

இன்றைய பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுவது இயல்பாகிவிட்டது. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் அதை இறக்க 67 நாள் ஆகும். நொடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இடையறாமல் கிடைத்தால் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மலையில் அப்படி இடையறாத இரவு மழைக்காலத்தில் அரிது. ஆகவே கீழே போகும் ஒவ்வொரு பயணத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீடு இருந்தால், மடிக்கணினியையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துச்சென்று இரவு முழுவதும் இறக்கவிட்டு, காலை பஸ்ஸில் ஏறிவிடலாம். ஜிஓஜி கோப்புகளை அப்படியே நகல் எடுத்தால் போதும். ஸ்டீமில், ஒரே வீட்டு நெட்வொர்க்கில் உள்ள ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கேமை மாற்றும் வசதி 2023இல் வந்தது. மடிக்கணினியில் இறக்கியதை வீட்டுக்கு வந்ததும் மேசைக் கணினிக்கு இணையமே செலவாகாமல் மாற்றிவிடலாம். கன்சோலில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்து வைத்தால், விளையாடத் திறக்கும் நேரத்தில் 30 ஜிபி கேட்டு நிற்பது குறையும்.

ஈரம்

மலையில் சேகரிப்பாளனின் முதல் எதிரி ஈரம். உதகை, கூடலூர்ப் பக்கம் ஆடி மாதத் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் கடுமையாக இருக்கும். கொடைக்கானலுக்கு இரண்டிலும் பங்கு உண்டு. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது கார்த்திகை மாதத்தில் நாள் முழுவதும் 85க்கு மேல் காட்டும். டிஸ்க்குகளும் மின்கருவிகளும் நலமாக இருக்க அது 40க்கும் 50க்கும் இடையில் இருக்க வேண்டும். அறை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவருவது செலவு பிடிக்கும் வேலை. டப்பாவுக்குள் கொண்டுவருவது எளிது.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் உதகை இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் பெரியப்பா. படச்சுருளையே தயாரித்த அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. ஆனால் அவர் பிஸ்கட் டின்னில் மூடி வைத்த குடும்பப் புகைப்பட நெகட்டிவ்கள் இன்றும் கறையின்றி இருக்கின்றன. "காத்து உள்ள போகக் கூடாது, ஈரம் உள்ள இருக்கக் கூடாது, ரெண்டும் சேர்ந்து வேணும்" என்பார். டப்பாவை மூடும் முன் உள்ளிருக்கும் ஈரத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் பலரும் விட்டுவிடும் பகுதி.

செய்முறை இது. ரப்பர் விளிம்போடு மூடி இறுக்கமாகப் பொருந்தும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவை வாங்குங்கள். டிஸ்க்குகளை உறையோடு செங்குத்தாக, நூல்களைப் போல, அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் காலப்போக்கில் வளையும். இருபது, முப்பது டிஸ்க்குகள் உள்ள டப்பாவுக்கு இரண்டு கைப்பிடி சிலிக்கா ஜெல்லை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். ஈரம் குடித்தால் நிறம் மாறும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறுவதை வாங்குங்கள், நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறுவதில் கோபால்ட் குளோரைடு கலந்திருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது ஏற்றதல்ல. நிறம் மாறிய மணிகளை ஓவனில் 120 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் காயவைக்காதீர்கள். அரிசியைப் போட்டு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதன் மாவுத்தூள் கருவிக்குள் போவதோடு, அதுவே பூஞ்சைக்கு உணவாகும்.

பூஞ்சை ஏற்கெனவே பிடித்துவிட்டதென்றால் பதற வேண்டியதில்லை. முதலில் உறைத்தாளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, நனைந்த தாளை எடுத்துத் தனியே காயவையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் டிஸ்க்கை நனைத்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. டிஸ்க்கில் தரவு சுருள்வட்டமாகப் பதிந்திருப்பதால், அதே திசையில் விழும் கீறல் தொடர்ச்சியான ஒரு பகுதியை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியை மட்டுமே மறைப்பதால், படிக்கும் கருவி தன் பிழைதிருத்தக் கணக்கால் அதை ஈடுசெய்துகொள்ளும். பிறகு நல்ல நீரில் அலசி, நிழலில் முழுவதும் காய்ந்தபின் உறையையும் துடைத்து உள்ளே வையுங்கள். தின்னர், பெட்ரோல் போன்றவற்றை அருகில் கொண்டுவராதீர்கள்.

கருவிகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மார்கழியில் அதிகாலைக் குளிரில் பைக்கில் கொண்டுவந்த மடிக்கணினியையோ கன்சோலையோ ஹீட்டர் எரியும் அறைக்குள் எடுத்துவந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். பையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அறையில் வைத்திருந்து, பிறகு எடுத்து மின்சாரம் கொடுங்கள். குளிர்ந்த ஊர் என்பதால் கன்சோல் சூடாகாது என்று நினைப்பதும் தவறு. கோத்தகிரியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும், உதகையில் ஐந்தில் ஒரு பங்கும் குறைவு. மெலிந்த காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச்செல்லும். கன்சோலைத் துணி போட்டு மூடாமல், சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.

மின்சாரம்

காற்று வீசும் மாதங்களில் கற்பூர மரக்கிளை கம்பியின் மேல் விழுந்து மின்சாரம் போவது எங்களுக்குப் புதிதல்ல. விளையாடிக்கொண்டிருக்கும்போது போனால் கேம் மட்டும்தான் நிற்கும். விளையாட்டில் நாம் எட்டிய நிலையைப் பதியும் சேமிப்புக் கோப்பு எழுதப்படும் அந்த இரண்டு, மூன்று நொடியில் போனால் அறுபது மணி நேர உழைப்பு கெட்டுப்போகலாம். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. அன்றிலிருந்து ஒரே இடத்தில் மேலெழுதாமல் மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் சேமிக்கிறேன். தானாகச் சேமிக்கும் குறி திரையின் மூலையில் சுழலும்போது எதையும் அணைக்காதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும். மேசைக் கணினிக்கும் கன்சோலுக்கும் அது மாறும் இடைவெளி சில நேரம் நீண்டுவிடுகிறது. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலை என்ற பொத்தான் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் தனி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். ஐந்து நிமிடம் தாங்கினால் சேமித்து அணைக்க அது போதும். புதிதாக வாங்குபவர்கள் சைன் வேவ் வகையைக் கேளுங்கள், சதுர அலை தரும் மலிவு வகைகளோடு இன்றைய கணினி மின்வழங்கிகள் பல ஒத்துப்போவதில்லை. சித்திரை, ஐப்பசி இடிமழையில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இணையக் கம்பியையும் பிடுங்க வேண்டும். மின்னல் அந்த வழியிலும் வரும். கன்சோலை முழுவதும் அணைக்காமல் ரெஸ்ட் மோடில் விட்டுவிட்டு உறங்கப் போகும் வழக்கத்தை மழைக்காலத்தில் கைவிடுங்கள்.

பழைய கேசட்டுகள்

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் வீட்டுப் பரணில் டிவி கேம் ஒன்றும், மஞ்சள் கேசட்டுகள் சிலவும் இன்னும் இருக்கலாம். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவதுதான் அன்று நமக்குத் தெரிந்த மருத்துவம். ஊதும்போது எச்சிலின் ஈரம் செப்புத் தகட்டில் படிந்து நாளடைவில் அரித்துவிடும்; மறுபடி ஓடுவதற்குக் காரணம் ஊதியது அன்று, கழற்றிச் செருகியபோது தகடுகள் உரசிச் சுத்தமானதுதான். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் பயன்படுத்தும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை நனைத்து, கேசட்டின் அடியில் தெரியும் தகட்டுப் பற்களின் மேல், பல்லின் நீளவாக்கில் இழுங்கள். முதல் குச்சி கருப்பாக வரும், இரண்டாவது பழுப்பாக, நான்காவது அல்லது ஐந்தாவது வெள்ளையாகவே வரும். பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் முன்னால் இதைச் செய்து காட்டியபோது, முப்பது ஆண்டுக்கு முந்தைய கேசட் முதல் முயற்சியிலேயே திரையில் வந்ததைக் கண்டு, "அண்ணா, இதுக்கு அப்டேட் எதுவும் கேக்கலையே!" என்றான். நான் இத்தனை பத்திகளில் சொல்ல முயல்வதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

அசல் கேசட்டுகளில் சிலவற்றுக்குள் சேமிப்பைக் காக்க நாணய வடிவ பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் சேமிப்பு அழியுமே தவிர கேம் அழியாது. பற்றாசு வைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

நகல்கள்

எந்தக் கோப்பும் ஒரே இடத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். நிறுவுகோப்புகளுக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள் வையுங்கள். ஒன்று வீட்டு டப்பாவில், மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் வைத்திருக்க சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வகையைவிடப் பழைய சுழலும் வகையே நம்பத்தக்கது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்; பழைய ஃபேட் 32 முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. நகல் சரியாக வந்ததா என்று பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஜிப் மென்பொருளை நிறுவியபின் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட எழுத்துவரிசை வரும். அசலுக்கும் நகலுக்கும் அது ஒன்றாக இருந்தால் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று பொருள்.

சட்டத்தைப் பற்றிய தயக்கம் பலருக்கு இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(ஏஏ) பிரிவில், கணினி நிரலின் நகலை முறையாக வைத்திருப்பவர், இழப்பு அல்லது சேதத்திலிருந்து காத்துக்கொள்வதற்காக மாற்று நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அது நம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. நகலை நண்பர்களுக்கு விநியோகிப்பதும் விற்பதும் அதில் அடங்கா. மலைக்கு வரும் பென்டிரைவ்களில் திருட்டு கேம்கள் நிறையச் சுற்றுகின்றன. சிறு குழுக்களின் உழைப்பை அவை உறிஞ்சுவதோடு, நம் கணினிக்கு வைரஸையும் கொண்டுவருகின்றன, அவற்றை வாங்காதீர்கள்.

சேமிப்புக் கோப்புகளைத் தனியாகக் கவனியுங்கள், ஏனென்றால் கேமை மறுபடி வாங்கலாம், நம் குழந்தை கட்டிய ஊரை மறுபடி வாங்க முடியாது. கணினியில் ஒவ்வொரு கேமும் ஒவ்வோர் இடத்தில் சேமிக்கும். எந்தக் கேம் எங்கே சேமிக்கிறது என்பதை பிசி கேமிங் விக்கி தளம் பட்டியலிட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 4இல் யூஎஸ்பிக்கு நகல் எடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேமிப்பை அப்படித் தனித்தனியாக எடுக்க வழியில்லை, சந்தா கட்டினால் கிளவுடுக்கு ஏற்றலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலும் மெமரி கார்டுக்குச் சேமிப்பை நகல் எடுக்க முடியாது. நான் என் சேமிப்பைப் பெறுவதற்கு மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும் என்பது நியாயமற்றது என்றே கருதுகிறேன்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு கொடுத்து நாம் விளையாடிய சிறு கேம்கள் பெரும்பாலும் பிரவுசருக்குள் ஓடும் ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் உருவானவை. அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஃபிளாஷ்பாயின்ட் என்னும் காப்பகத்தில் அவற்றுள் ஏராளமானவை இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கிய பிறகு இணையமின்றியும் ஓடுகின்றன. நினைவில் இருக்கும் பெயர்களை இன்றே தேடி எடுத்துவையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை

மழை முடிந்து பனி இறங்கும் தை மாதம் மலையில் காற்று உலர்ந்திருக்கும் காலம். நீலகிரிப் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் பொங்கலும் முடிந்தபின் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். போகியன்று பழையதைக் கழிக்கும் வேகத்தில் டிஸ்க் டப்பாவையும் யாரேனும் எடுத்துப் போட்டுவிடாமல் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்று காலை டப்பாக்களைத் திறந்து ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிச்சத்தில் பார்த்து, சிலிக்கா ஜெல்லைக் காயவைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் கணினியில் செருகிச் சில கோப்புகளின் எழுத்துவரிசையை ஒப்பிட்டு, ஆண்டில் புதிதாகச் சேர்ந்தவற்றை இரண்டிலும் ஏற்றுங்கள். கன்சோல்களை வெறுமனே வைத்திருந்தாலும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வையுங்கள். கேமின் பெயர், வாங்கிய கடை, கோப்பு எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, இணையமின்றி ஓடியதா, கடைசியாகச் சோதித்த நாள் ஆகிய ஐந்தும் போதும். கடைக் கணக்குகளை எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்டீம் கணக்கை உயில் மூலமாகக்கூட இன்னொருவருக்கு மாற்றித்தர இயலாது என்று அதன் உதவிப் பிரிவு 2024இல் தெரிவித்திருக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று நினைக்கும் கேம்களை டிஸ்க்காகவோ பூட்டில்லாத கோப்பாகவோ வாங்கி, அவற்றின் வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நோட்டைச் சிலிக்கா ஜெல் முடிச்சோடு அதே டப்பாவில் போட்டு, சோதித்த தேதியை மூடியின் மேல் அழியாத மையில் குறித்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால் தரையின் ஈரம் ஏறும்.